தராசு முள்ளைப் பார்த்து ஏமாறாதே, தங்கச்சி

போன வாரம் போன்ல நீ கேட்டது இன்னும் காதுக்குள்ளேயே இருக்கு. "அக்கா, 152 வந்திருக்காம். நர்ஸம்மா சுகர்னு அட்டையில எழுதிட்டாங்க. ஆனா ஸ்கேன்ல குழந்தை சின்னதாத்தான் இருக்காம். அப்போ ஒண்ணும் இல்லதானே?" பஸ் சத்தத்துல சரியாக் கேக்கலனு சொல்லிப் போனை வச்சேன் பாரு, அது பொய். நல்லாவே கேட்டுச்சு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். அப்போ எனக்குச் சரியான பதில் கிடைக்கல. அதான் உட்கார்ந்து நிதானமா எழுதுறேன். பூம்பாறையில இருக்கிற உனக்கு மட்டும் இல்ல, மலையில மாசமா இருக்கிற எல்லாத் தங்கச்சிகளுக்கும்.

மொதல்ல என் கதை. பண்ணைக்காட்டுல இருந்து கீழ இறங்கி ஒரு ஆஸ்பத்திரியில சேர்ந்தேன், பேரு வேணாம். பையன் 2 கிலோ 800. தராசுல போட்டதும் "நல்ல எடைம்மா, கவலையே இல்ல"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கு மாசமா இருக்கும்போது சுகர் இருந்தது ஃபைல்லயே இருந்துச்சு. குழந்தை குண்டா இல்லாததால அந்தப் பக்கத்தை யாரும் புரட்டல. ராத்திரி பத்து மணிக்கு மேல பையன் பாலுக்கு வாய் வைக்கல, கை ரெண்டும் வெடவெடனு உதறுது. "குளிருது போல, போர்த்தி விடுங்க"ன்னாங்க. நம்ம அம்மாதான் வராண்டாவுல நின்னு சத்தம் போட்டு டாக்டரை வரவழைச்சா. குதிகால்ல குத்திப் பார்த்தா சர்க்கரை 31. ரெண்டு நாள் டிரிப்ஸ். இப்போ அவன் ஆறாவது படிக்கிறான், கொய்யா மரத்துல இருந்து இறங்க மாட்டேங்கிறான். ஆனா அந்த 2 கிலோ 800 அன்னிக்கு எங்க எல்லாரையும் ஏமாத்திடுச்சு.

எடைக்குள்ள என்ன இருக்கு

உங்க வீட்டுல இருந்து சந்தைக்கு உருளை மூட்டை போகுதுல்ல? தராசு 50 கிலோனு காட்டும். அதுல கிழங்கு எவ்வளவு, ஒட்டியிருக்கிற மண்ணு எவ்வளவுனு காட்டுமா? குழந்தை எடையும் அப்படித்தான். சதை, எலும்பு, தண்ணி, கொழுப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஒரு எண். ஒரே எடையில ரெண்டு குழந்தை பிறக்கும். ஒண்ணுக்குச் சதை கூட, இன்னொண்ணுக்குத் தோலுக்கடியில கொழுப்பு கூட.

சுகர் இதுக்குள்ள எப்படி வருதுனு கேளு. உன் ரத்தத்துல இருக்கிற சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். உன் இன்சுலின் தாண்டாது. அதனால வர்ற சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையோட சின்னக் கணையம் ஓவர்டைம் பார்க்கும். வயித்துல இருக்கிற குழந்தைக்கு இன்சுலின்ங்கிறது வளர்ச்சிக்கான உரம் மாதிரி. கூடிப்போனா தோள்லயும் முதுகுலயும் வயித்துலயும் கொழுப்பாச் சேர்த்து வைக்கும். டென்மார்க்ல கோபன்ஹேகன் ஊர் டாக்டர் பெடர்சன் 1950-கள்லயே இதைச் சொல்லிட்டாரு. பிறந்ததும் தொப்புள்கொடியை வெட்டுறாங்க, சர்க்கரை வரத்து நின்னுடுது. ஆனா குழந்தையோட இன்சுலின் உடனே நிக்காது. என் பையனுக்கு 31 வந்தது அதனாலதான். அன்னிக்கு இது தெரிஞ்சிருந்தா நானும் அம்மாவோட சேர்ந்து சத்தம் போட்டிருப்பேன்.

அமெரிக்காவுல கிளீவ்லாந்துங்கிற ஊர்ல கட்டலானோங்கிற டாக்டர் குழு 2003-ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. சுகர் இருந்த அம்மாக்களோட குழந்தைகளும் இல்லாதவங்களோட குழந்தைகளும் எடையில கிட்டத்தட்ட ஒண்ணுதான், ரெண்டு பக்கமும் சராசரி 3 கிலோ 300-க்கும் 400-க்கும் நடுவுல. ஆனா உடம்புல இருந்த கொழுப்பு ஒரு பக்கம் 362 கிராம், சுகர் பக்கம் 436 கிராம். 74 கிராம் வித்தியாசம், ஒரு சின்ன உருளைக்கிழங்கு அளவு. தராசுக்கு அது தெரியவே இல்ல.

நம்ம நாட்டுக் கதை இன்னும் விசேஷம். புனே கே.ஈ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் யாஜ்னிக் சுத்துப்பட்டுக் கிராமத்துக் குழந்தைகளை அளந்து, இங்கிலாந்து சவுத்தாம்ப்டன் குழந்தைகளோட ஒப்பிட்டாரு. நம்ம பிள்ளைங்க சராசரி 2 கிலோ 700, அங்க 3 கிலோ 500. வயிறு, கை, சதை எல்லாத்துலயும் நம்ம பிள்ளைங்க ரொம்பச் சின்னது. ஆனா முதுகுல தோள்பட்டை எலும்புக்குக் கீழ தோலைக் கிள்ளி ஒரு கிடுக்கியால அளந்தா, அங்க மட்டும் கொழுப்பு அவ்வளவாக் குறையல. ஒல்லியா இருந்துகிட்டே கொழுப்பு! இத்தனைக்கும் அந்தத் தாய்மாருங்க சுகர்காரங்க இல்ல. வயல்ல வேலை பார்க்கிற மெலிஞ்ச பொம்பளைங்க. ஆக, நம்ம குழந்தைங்க பிறக்கும்போதே சதை கம்மி, கொழுப்பு மிச்சம்ங்கிற ஒரு சாய்வோட வருது. அதுமேல அம்மாவோட சுகரும் சேர்ந்தா?

அதுக்குப் பதில் மைசூர்ல இருக்கு. ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில 1997, 98-ல மாசமா இருந்தவங்களைப் பரிசோதிச்சு, அவங்க பிள்ளைங்களை வருஷக்கணக்காப் பின்தொடர்ந்தாங்க. சுகர் இருந்த அம்மாக்களோட குழந்தைங்க பிறக்கும்போதே எடையும் கூட, தோல் மடிப்பும் தடிப்பு. அஞ்சு வயசுல பார்த்தப்போ பொம்பளைப் பிள்ளைங்களுக்குக் கொழுப்பும் கூட, ரத்தத்துல இன்சுலினும் கூட.

மலைக்குனு தனியா ஒரு விஷயம் இருக்கு. அமெரிக்காவுல கொலராடோ மலையில பார்த்த கணக்குப்படி, 1000 மீட்டர் ஏறினா பிறக்கிற குழந்தையோட எடை சுமாரா 100 கிராம் குறையும். நம்ம கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம். "மலைப் பிள்ளை சிறுசாத்தான் பிறக்கும்"னு உன் மாமியார் சொல்றதுல விஷயம் இல்லாம இல்ல. அதனாலயே ஸ்கேன்ல சின்னதா இருக்குனு நீ நிம்மதியாயிடக் கூடாது. அதுக்காகப் பயந்து சாப்பாட்டைக் குறைச்சிடவும் கூடாது. பட்டினி கிடந்தா குழந்தைக்குச் சதைதான் போகும். பிறந்த குழந்தைக்குக் கொழுப்பும் வேணும்டி, இல்லனா பூம்பாறைக் குளிரை எப்படித் தாங்கும்? நமக்கு வேண்டியது அளவு. அந்த அளவு உன் கையில இருக்கிற ஒரே ஒரு எண்ணுல இருக்கு: சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தத்துல எவ்வளவு சர்க்கரை?

சர்க்கரைத் தண்ணியும் கொண்டை ஊசி வளைவும்

உன் நாத்தனாரும் முழுகாம இருக்கானு சொன்னியே, இது அவளுக்கு. நம்ம ஊர்ல செய்ற டெஸ்ட் சுலபம். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணியில கரைச்சு, அஞ்சு நிமிஷத்துக்குள்ள குடிக்கணும். ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயித்தோடதான் போகணும்னு கிடையாது, சாப்பிட்டுட்டும் போகலாம். இது சென்னை டாக்டர் வி. சேஷய்யா குழுவோட முறை, டிப்ஸினு பேரு. என் டிப்ஸ் இல்லடி, டிப்ஸி! வெறும் வயித்தோட வானு சொன்னா நம்ம கிராமத்துப் பொம்பளைங்க திரும்பி வரவே மாட்டாங்கனு புரிஞ்சுகிட்ட மனுஷன். அவர் பிறந்த நாள் மார்ச் 10-ஐத்தான் இப்போ கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளா நாடு முழுக்க வைக்கிறாங்க. எல்லாக் கர்ப்பிணிக்கும் இந்தப் பரிசோதனைனு 2007-லயே தமிழ்நாட்டு அரசு சொல்லிடுச்சு.

"நான் ஒல்லி, எங்க வம்சத்துல சுகர் கிடையாது"னு தட்டிக் கழிக்காதீங்க. அதே சேஷய்யா குழு 2008-ல சொன்ன கணக்குல, சென்னை நகரத்துல 100-க்கு 17.8 கர்ப்பிணிக்குச் சுகர். கிராமத்துல கூட 9.9. பத்துல ஒண்ணு.

மொதல் தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனதுமே ஒரு டெஸ்ட். அது நல்லா வந்தாலும் 24-ல இருந்து 28 வாரத்துக்குள்ள இன்னொண்ணு. இந்த ரெண்டாவதைத்தான் நம்ம ஆளுங்க விட்டுடுறாங்க. சரியா வளைகாப்பு நேரம். அதனால வளைகாப்புக்கு நாள் குறிக்கிற அன்னிக்கே டெஸ்டுக்கும் நாள் குறிச்சிடுங்க. ஏழு சாதம் சாப்பிட்டதுக்கு அப்புறம் போறதைவிட முன்னாடி போறது நல்லது.

மலைக்காரங்களுக்குச் சின்ன எச்சரிக்கை: குளுக்கோஸ் குடிச்சிட்டு "ரெண்டு மணி நேரம்தானே, ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு வரேன்"னு பஸ் ஏறாதீங்க. மூணாவது வளைவுல எல்லாம் வெளிய வந்துடும். குடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா அன்னிக்கு டெஸ்ட் செல்லாது, மறுநாள் திரும்பக் குடிக்கணும். அங்கேயே உட்காருங்க. ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகிட்டு, ஸ்வெட்டர் பின்னிகிட்டு, ஊர்க்கதை பேசிகிட்டு உட்காருங்க.

தட்டுல என்ன

மொதல்ல டீ. பூண்டு உரிக்கிற இடத்துல ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் வருதுனு நீயே சொன்ன. டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு 5 கிராம்னாலும் 60 கிராம் சர்க்கரை. டெஸ்ட்ல குடிச்சியே 75 கிராம், கிட்டத்தட்ட அதை நீ தினமும் குடிக்கிற. கருப்பட்டி போட்ட வரக்காப்பி, மலைத்தேன், நாட்டுச் சர்க்கரை எல்லாத்துக்கும் இதே கணக்குதான், நிறம்தான் வேற. ஆறை ரெண்டாக்கு, சீனி இல்லாம. மிச்ச நாலு தடவை வெறும் வெந்நீர் குடி. கைக்குத் தேவை சூடான டம்ளர்தான், உள்ள என்ன இருக்குனு கை கேக்காது.

உருளைக்கிழங்கு காய் இல்லடி, சோறு. அதைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு பிரசவம் ஆச்சு. சோத்துக்கு உருளை மசியல் தொட்டுக்கிட்டா சோத்துக்குச் சோறு தொட்டுக்கிட்ட மாதிரி. பீன்ஸ், சௌசௌ, முட்டைகோஸ், முள்ளங்கி, கீரை எல்லாம் உன் வீட்டு வாசல்லயே விளையுது. சோறு ஒரு கப்னா பொரியல் ரெண்டு கப். பட்டர் பீன்ஸும் பச்சைப் பட்டாணியும் புரதம்தான், ஆனா மாவும் உண்டு, அதனால அன்னிக்குச் சோத்தைக் குறை. தட்டுல மொதல்ல காயைச் சாப்பிடு, அப்புறம் முட்டையோ மீனோ பருப்போ, கடைசியில சோறு. அதே சாப்பாடுதான், வரிசையை மாத்தினா சர்க்கரை மெதுவா ஏறும். காசு செலவில்லாத வைத்தியம் இதைவிட எனக்குத் தெரியாது.

காலைச் சாப்பாட்டுல கவனமா இரு. மாசமா இருக்கிறப்போ காலையில இன்சுலின் சரியா வேலை செய்யாது, மத்தியானம் ஒண்ணும் பண்ணாத மூணு இட்லி காலையில 160 காட்டும். ரெண்டு இட்லி, காய் அள்ளிப் போட்ட சாம்பார், ஒரு முட்டை. பதினோரு மணிக்குச் சுண்டல். கேழ்வரகு நல்லதுன்னு தண்ணியாக் காய்ச்சிச் சொம்பு சொம்பாக் குடிக்காதே. கூழும் கஞ்சியும் சட்டுனு ஏத்திடும். கெட்டியான களியோ அடையோ மேல்.

அங்கன்வாடி சத்துமாவுல வெல்லம் கலந்திருக்கு. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல தர்ற பெட்டகத்துல பேரீச்சம்பழமும் நெய்யும் இருக்கும். தூக்கிப் போடாதே, அரசாங்கம் ரத்தசோகையை நினைச்சுத் தர்றது. உனக்குச் சுகர்னு நர்ஸம்மாகிட்ட சொல்லி எது எவ்வளவுனு கேட்டுக்கோ. பேரீச்சம்பழத்தை எண்ணித்தான் சாப்பிடணும், ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கோ.

பழம். விருப்பாச்சி மலைவாழை சின்னதாத்தான் இருக்கும், வாசமும் ஆளைத் தூக்கும், அதனாலதான் மூணு உள்ள போறதே தெரியாது. பாதி போதும், அதுவும் சாப்பாட்டோட இல்ல, நடுவுல, ஒரு பிடி நிலக்கடலையோட. ஆயக்குடி கொய்யா காயும் பழமுமா இருக்கும்போது தாராளமாச் சாப்பிடு. பட்டர் ஃப்ரூட்ல சர்க்கரை ரொம்பக் கம்மி. ஆனா கொடைக்கானல் கடையில அதைப் பாலும் நாலு கரண்டி சீனியும் போட்டு அடிச்சுத் தர்றாங்களே, அது வேற சமாச்சாரம். வீட்டுல உப்பு, தாண்டிக்குடி மிளகு, எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிட்டுப் பாரு.

தைப்பூசம் முடிஞ்சு உன் மாமனார் பழனியில இருந்து பஞ்சாமிர்தம் கொண்டு வருவாரு. பிரசாதத்தை வேணாம்னு சொல்ல எனக்கும் மனசு வராது. உள்ளங்கையில ஒரு சொட்டு, நாக்குல வச்சுக் கும்பிட்டுக்கோ. டப்பாவை மட்டும் மேல் பரண்ல வைக்கச் சொல்லு. கிருத்திகை விரதம் இந்த வருஷம் வேணாம். பட்டினி கிடந்தா உடம்பு கொழுப்பை எரிக்கும், அதுல வர்ற கழிவு குழந்தைக்கு நல்லதில்ல. உங்க ஊர்ச் சாமி பேரே குழந்தை வேலப்பர், அவருக்கு இது புரியாதா?

குளிர்ல விரல் குத்துறது

இதைப் பத்தி எந்த டாக்டரும் எனக்குச் சொல்லல, நானாப் பட்டுத் தெரிஞ்சுகிட்டது. தை மாசக் காலையில மிஷினை எடுத்தா "எர்ரர்"னு காட்டும். மிஷின் கெட்டுப்போகல. பெரும்பாலான குளுக்கோமீட்டர் 10 டிகிரிக்குக் கீழ வேலை செய்யாது. பூம்பாறையில விடியக்காலை அதுக்கும் கீழ போகும். ராத்திரி மிஷினையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் கம்பளிக்குள்ள வச்சுத் தூங்கு. அடுப்பு மேடையில காய வைக்காதே, ஸ்ட்ரிப் வீணாயிடும். டப்பா மூடியைத் திறந்து போடாதே. நம்ம ஊர் மூடுபனி ஈரம் ஒரே ராத்திரியில மொத்த ஸ்ட்ரிப்பையும் கெடுத்துடும்.

குளிர்ல விரல் மரத்துப்போய் ரத்தம் வராது. பிசுக்குப் பிசுக்குனு அழுத்திப் பிழிஞ்சா அளவு மாறும். வெதுவெதுப்பான தண்ணியில சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நல்லாத் துடைச்சு, கையைத் தொங்கவிட்டு ஒரு நிமிஷம் ஆட்டு. விரல் நுனியில குத்தாதே, பக்கவாட்டுல குத்து, வலி கம்மி. கை கழுவுறது சம்பிரதாயத்துக்கு இல்ல. ஒரு தடவை எனக்கு 214 வந்துச்சு, நெஞ்சே நின்னுடுச்சு. பார்த்தா ஆரஞ்சு உரிச்ச கை. கழுவிட்டுக் குத்தினேன், 116.

சாப்பிட ஆரம்பிச்ச நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரம்; முடிச்ச நேரத்துல இருந்து இல்ல. 120-க்குக் கீழ இருக்கணும். வெறும் வயித்துல 95-க்குக் கீழ. ஒரு நாப்பது பக்க நோட்டுல எண்ணையும் என்ன சாப்பிட்டனுங்கிறதையும் பக்கத்துப் பக்கத்துல எழுது. பத்து நாள்ல உன் உடம்பு எதுக்குக் கோபப்படுதுனு உனக்கே தெரிஞ்சுடும். 140-க்கு ஒண்ணு குறைஞ்சா நல்லது, ஒண்ணு கூடினா கெட்டதுனு கோடு போட்ட மாதிரி குழந்தையோட உடம்பு நடந்துக்காது. ஒன்பது நாட்டுல 25,000 கர்ப்பிணிகளைப் பார்த்து 2008-ல வெளியான ஹாப்போ ஆய்வு சொன்னதே அதுதான்: சர்க்கரை ஏற ஏறக் குழந்தையோட எடையும் இன்சுலினும் படிப்படியா ஏறும். அதே பிள்ளைங்களோட கொழுப்பை அளந்தப்பவும் அப்படியேதான் வந்துச்சு. அப்படின்னா நீ 10 குறைச்சாலும் அந்த 10-க்குப் பலன் உண்டு.

ரெண்டு வாரம் சாப்பாட்டுலயும் நடையிலயும் முயற்சி பண்ணியும் 120-க்கு மேலயே நின்னா, டாக்டர் மெட்ஃபார்மினோ இன்சுலினோ எழுதுவாரு. அழாதே. சாப்பாட்டை ஒழுங்கா வச்சும் சிலருக்கு இறங்காது, நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன் அப்படி. "ஊசி போட்டாக் குழந்தைக்குப் போயிடும்"னு உன் மாமியார் சொல்வாங்க. மேல எழுதினதைப் படிச்சுக் காட்டு: இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. மருந்தை ஃப்ரீசர்ல வைக்காதே, உறைஞ்சா குப்பைதான். விறகடுப்புப் பக்கமும் வேணாம். வத்தலக்குண்டு இறங்கும்போது ஃபிளாஸ்க்ல போட்டுக்கோ, மலையில இருந்த நினைப்புல பையில போட்டா கீழ வெயில்ல வெந்துடும். இன்சுலின் போடுறவங்களுக்குச் சர்க்கரை திடீர்னு இறங்கவும் செய்யும். பூம்பாறைக் குளிர்ல உனக்கு வேர்த்துச்சுன்னா அது சாதாரணம் இல்ல. உடனே மூணு ஸ்பூன் சீனியைத் தண்ணியில கலக்கிக் குடி, அப்புறம் மிஷினை எடு.

நடக்கணும். மூணு வேளையும் சாப்பிட்ட பிறகு பத்து, பதினஞ்சு நிமிஷம். மேட்டுல மூச்சு வாங்க ஏறாதே, பேசிகிட்டே நடக்கிற வேகம் போதும். சாயங்காலம் இருட்டினா காட்டுமாடு தோட்டத்துக்குள்ள வந்துடுது, மூடுபனியில பத்தடிக்கு அப்பால தெரியாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டுக்குள்ளயே நட. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நாப்பது தடவை. மாமியாரையும் கூட்டிக்கோ, அவங்களுக்கும் சுகர்தானே.

சித்திரையில

உனக்குத் தேதி சித்திரையில. அதாவது சீசன். ஏப்ரல், மே மாசம் மலைப்பாதையில கார் எப்படி நிக்கும்னு உனக்குச் சொல்லணுமா? 108 வந்தாலும் பறந்து போக முடியாது. சுகர் கட்டுக்குள்ள இல்லைனா, இல்ல ஊசியில இருந்தா, தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே கீழ வந்துடு. ஆபரேஷன் வசதியும் குழந்தை டாக்டரும் இருக்கிற ஆஸ்பத்திரியா இருக்கணும்.

குழந்தை பிறந்ததும் எல்லாரும் "எத்தனை கிலோ?"னு கேப்பாங்க. நீ கேக்க வேண்டியது "சுகர் பார்த்தீங்களா?" ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் கொடுத்துடு. அப்புறம் குதிகால்ல குத்திப் பார்க்கச் சொல்லு. 45-க்குக் கீழனா டாக்டர் உடனே பார்க்கணும். ஒரு தடவையோட விடாம நாலு மணி நேரத்துக்கு ஒருக்காப் பார்க்கச் சொல்லு. குழந்தை கொழுகொழுனு இருந்தாலும் கேளு, குச்சி மாதிரி இருந்தாலும் கேளு. கை உதறல், பால் குடிக்காம துவண்டு கிடக்கிறது, வேகவேகமா மூச்சு, இதுல எது வந்தாலும் "குளிருது"னு யாராவது சொன்னா நம்பாதே. என்னைக் கூப்பிடு, வந்து சண்டை போடுறேன்.

குளிரும் சும்மா இல்ல. குழந்தை குளிர்ந்துபோனா சூட்டுக்காக இருக்கிற சர்க்கரையையும் எரிச்சிடும். உன் நெஞ்சோட நெஞ்சா ஒட்டிப் போட்டு மேல கம்பளி, தலைக்குக் குல்லா. ஒரு நாளாவது குளிப்பாட்ட வேணாம். சேனை தொட்டு வைக்கப் பெரியப்பா ஆசையா வருவாரு. சர்க்கரைத் தண்ணி, தேன் எதுவும் வேணாம்னு நான் சொல்லிக்கிறேன்; அந்தப் பழியை என்மேல போடு.

வீட்டுக்கு வந்த பிறகு "பிள்ளை இளைச்சிருக்கு, பவுடர் பால் கலக்கு"னு நாலு பேர் சொல்வாங்க. தாய்ப்பால் குடிச்சு, நல்லா ஒண்ணுக்குப் போய், நர்ஸம்மா அட்டையில கோடு ஏறிகிட்டு இருந்தாப் போதும். ஒல்லியாப் பிறந்த பிள்ளைக்கு அவசர அவசரமா எடை ஏத்தினா ஏறுறது சதையா, கொழுப்பானு மறுபடியும் அதே கேள்விதான் வரும். உனக்கும் ஆறு வாரத்துல 75 கிராம் டெஸ்ட் திரும்ப இருக்கு. அதை எல்லாரும் மறந்துடுறாங்க, நானும் மறந்தேன். 2009-ல வெளியான ஒரு பெரிய கணக்குப்படி, கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவங்களுக்குப் பின்னாடி நிரந்தரமாச் சுகர் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ஏழு மடங்கு. குழந்தைக்கு ஒன்றரை மாசத் தடுப்பூசி போடப் போவேல்ல, அன்னிக்கே உன் டெஸ்டையும் முடிச்சிடு.

சனிக்கிழமை காலை பஸ்ல வரேன். ஸ்ட்ரிப் டப்பா ரெண்டும் ஆயக்குடி கொய்யாவும் கொண்டு வரேன். நோட்டை எடுத்து வை. மத்தியானத்துக்குப் பீன்ஸ் பொரியல் பண்ணச் சொல்லு, எனக்காக உருளை வறுக்க வேணாம். வறுத்தா நான் சாப்பிடுவேன், நீ பார்த்துகிட்டு உட்கார்ந்திருக்கணும்.